மதவடி 17: நான் கைவிட்ட வரைபடத்தைப் பார்க்கப் போன நான்கு நாட்கள்

யாழ்ப்பாணம் போக ஆட்களுக்குப் பல காரணங்கள் இருக்கும். கோயில் திருவிழா, கலியாணவீடு, மாம்பழக் காலம், வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர். நான் இந்தப் புரட்டாசிக் கடைசியில் போனது ஒரு வரைபடத்தைப் பார்க்க. அதுவும் ஐந்து வருடங்களுக்கு முன் நானே செய்து கொடுத்துவிட்டு, அதன் பிறகு ஒரு நாளும் எட்டிப் பார்க்காத வரைபடம்.

என் தொழிலை அறியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நான் ஜி.ஐ.எஸ். வேலை செய்கிறேன். ஓர் ஊரின் வீதி, வாய்க்கால், கிணறு, கட்டடம் எல்லாவற்றையும் கணினியில் அடுக்கடுக்காகப் போட்டு, வேண்டிய அடுக்கை வேண்டிய நேரத்தில் எடுத்துப் பார்க்கும்படி செய்வது. எங்கே கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கலாம், எங்கே கொடுத்தால் பக்கத்து வீட்டுக்குள் வெள்ளம் போகும் என்பதை நகரத் திட்டமிடுபவர்கள் அதில் பார்த்துச் சொல்வார்கள். பிறந்தது மட்டக்களப்பு, இருப்பது கொழும்பு. ஐந்து வருடங்களுக்கு முன் நாலு பேர் கொண்ட குழுவோடு வந்து, குடாநாட்டில் ஒரு பிரதேச சபைக்கு எட்டு மாதம் இருந்து இந்த வரைபடத்தைச் செய்தோம். எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன். உடுவிலிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதி அறிக்கையில் ‘நிலைபேறு’ என்று பதினொரு பக்கத்துக்கு ஓர் அத்தியாயம் எழுதினேன். மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், நாங்கள் பஸ் ஏறிவிட்டோம்.

அந்தச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வதனி. அப்போது வேலைக்கு வந்த புதிது. போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அவளிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது.

“அக்கா, வாற மாசம் முதலாம் திகதி எனக்கு முல்லைத்தீவுக்கு மாற்றம். இந்த வெள்ளிக்கிழமை சபைக் கூட்டம். புதுத் திட்டம் ஒண்டு வருதாம், புதுசாப் படம் கீறப் போயினமாம். எங்கடை படத்தைத் தூக்கிப் போட்டிடுவினம். என்னை விட்டா அதுக்குள்ளை ஒருத்தரும் போகேலாது. திறப்பு உங்கடை ஆக்களிட்டைத்தான் கிடக்கு. நீங்கள் வந்தால்தான் சரி.”

திறப்பு என்றால் சாவி. வரைபடம் இணையத்தில் ஒரு கணக்கில் இருக்கிறது. அதில் எதையாவது திருத்தும் அனுமதி வதனி ஒருத்திக்கு மட்டும். இன்னொருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் கணக்கின் உரிமையாளர்தான் சேர்க்க வேண்டும். உரிமையாளர் யார்? எங்கள் குழுவில் இருந்த சுதாகர். ஏன் சுதாகர்? கணக்குத் திறந்த அன்று அலுவலகத்தில் இணையம் வேலை செய்யவில்லை. அவனுடைய போனில் டேட்டா இருந்தது. வேறு காரணம் எதுவுமில்லை. என் பதினொரு பக்க நிலைபேற்றில் இந்த விஷயம் ஒரு வரிகூட இல்லை என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

புதன்கிழமை காலை 5.45க்குக் கோட்டையிலிருந்து ரயில். இரண்டாம் வகுப்பு முற்பதிவு, நான் போனபோது 2,400 ரூபாய். வலப்பக்க யன்னல் வேண்டாம், வவுனியா தாண்டியதும் வெயில் முகத்தில் அடிக்கும். அநுராதபுரம் வரை நித்திரை, பிறகு ஓர் உழுந்து வடையும் பொரித்த மிளகாயும். வவுனியாவில் சுதாகரின் எண்ணுக்கு அழைத்தேன். ஒரே ஒரு மணி அடித்து நின்றது. கிளிநொச்சியில் அழைத்தேன். அதே கதை. ஆனையிறவில் உப்பளத்தைப் பார்த்தபடி மூன்றாவது தடவை. என் பெயரைக் கண்டுதான் வெட்டுகிறான் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டு மாதம் ஒன்றாகச் சோறு தின்ற பையன்!

யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது 12.20. தங்கியது நாலு கிலோமீற்றர் தள்ளி கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. காலைச் சாப்பாட்டுடன் ஒரு நாளைக்கு 4,000 ரூபாய். ரயில் போகும்போது கட்டில் ஆடும், அதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. மாடியில் நின்று பார்த்தால் எந்தப் பக்கமும் மதில்கள். ஆளுயர மதில், அதற்கும் மேலே உயர்த்திய மதில், பக்கத்து வீட்டோடு போட்டிக்குக் கட்டிய மதில். யாழ்ப்பாணத்தார் கல்வீட்டுக்கு அடுத்தபடி ஆசைப்படுவது மதிலுக்குத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மழைத் தண்ணீர் இதற்குள் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதுதான் எங்கள் வரைபடத்தின் வேலையே.

இரண்டரை மணிக்குச் சபை அலுவலகத்தில் இருந்தேன். பஸ்ஸுக்கு 60 ரூபாய். வதனி வாசலுக்கே வந்துவிட்டாள். கைப்பையில் நீலப் பெயின்ற் புள்ளிகள். ஐந்து வருடத்தில் நான் ஒரு தரமும் வராததைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிளேன்ரீ தந்து, கணினியை என் பக்கம் திருப்பினாள்.

நான் எதிர்பார்த்தது தூசி படிந்த ஒரு பழைய படம். திரையில் இருந்தது உயிரோடு இருந்தது. நாங்கள் போன பிறகு வந்த வீடுகள், புதுக் கடைகள், மூடப்பட்ட கிணறுகள், அகலமாக்கிய ஒழுங்கைத் தெருக்கள் எல்லாம் அதில் இருந்தன. நான் ஒவ்வோர் அடுக்காகத் திறந்து பார்த்தேன். மதகுகள் என்ற அடுக்கில் மட்டும் நாங்கள் போட்ட ஆறே ஆறு புள்ளிகள்.

“ஊரிலை ஆறு மதகுதானா?” என்று கேட்டேன்.

வதனி சிரிக்கத் தொடங்கினாள். “நாப்பத்தொன்பது அக்கா. மிச்சம் நாப்பத்தி மூண்டும் வேறை இடத்திலை இருக்கு” என்று சொல்லி, ‘பொதுமக்கள் கூடும் இடங்கள்’ என்ற அடுக்கைத் திறந்தாள்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். வீதிக்குக் குறுக்கே வாய்க்கால் போகும் இடத்தில் மதகு இருக்கும். இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குச் சீமெந்துக் கட்டு. பின்னேரமானால் ஊர் ஆம்பிளைகள் அதில் குந்தியிருந்து கதைப்பார்கள். அரசியல், பந்து விளையாட்டு, ஆர் வெளிநாடு போனது, ஆர் திரும்பி வந்தது. அந்த இடத்துக்குப் பெயர் மதவடி. எங்களுக்குத் தரவு சேகரித்தவர்கள் எல்லாம் உள்ளூர்ப் பிள்ளைகள். அவர்களுக்கு மதவடி என்றால் கதைக்கிற இடம். அதற்குக் கீழே ஒரு வாய்க்கால் ஓடுகிறது என்பது இரண்டாம் பட்சம். படிவத்தில் ‘மதகு’ என்றும் இருந்தது, ‘பொதுமக்கள் கூடும் இடம்’ என்றும் இருந்தது. அவர்கள் மனதறிந்து, உண்மையாக, கூடும் இடம் என்று நாற்பத்து மூன்று தடவை போனில் அமத்தியிருக்கிறார்கள். மட்டக்களப்பாளான நான் அதைச் சரிபார்த்து, இந்த ஊரின் சமூக வாழ்க்கை எவ்வளவு செழிப்பானது என்று அறிக்கையில் ஒரு பந்தியும் எழுதியிருந்தேன்.

“முதல் மாரிக்கு வெள்ளம் வந்திட்டுது,” என்றாள் வதனி. “மதகு எங்கையெண்டு படத்திலை தேடுறன், ஒண்டுமில்லை. பேந்து பார்த்தால் எல்லா மதகும் சனத்தோடை சனமாக் கூடியிருந்து கதைக்குது.”

“ஏன் மாத்தேல்லை?”

“மாத்தத்தான் நினைச்சன். பேந்துதான் யோசிச்சன். வாய்க்காலைப் பாருங்கோ எண்டு சொன்னால் ஒருத்தரும் பாராயினம். நீங்கள் இருக்கிற இடம் நாறுது எண்டு சொல்லிப் பாருங்கோ, உடனை படம் எடுத்து அனுப்புவினம்.”

அதைத்தான் செய்திருக்கிறாள். ஒவ்வொரு மதவடியிலும் நீலப் பெயின்றால் இலக்கம் எழுதி, அங்கே வழக்கமாக இருப்பவர்களை ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறாள். அடைப்பு என்றால் இலக்கமும் படமும் வரும். வதனி அந்தப் புள்ளியைச் சிவப்பாக்குவாள். வாய்க்கால் துப்புரவு மேற்பார்வையாளர் செல்வம் அண்ணை ஆட்களோடு போய் எடுத்ததும் நீலமாக்குவாள். மதில் கட்ட அனுமதி கேட்டு வருகிறவருக்கும் இதே திரையைத்தான் திருப்பிக் காட்டுகிறாள். உங்கள் மதில் இதிலை வந்தால் இருபத்தி மூண்டாம் மதவடிக்குத் தண்ணி போகாது, ரண்டடி உள்ளுக்குப் போடுங்கோ என்பாள். சண்டை பிடிக்க வந்தவர்கள்கூட, தாங்கள் நாளாந்தம் குந்தியிருக்கிற மதவடியைத் திரையில் கண்டதும் கொஞ்சம் இறங்கி வருவார்களாம்.

எல்லாம் நல்லது. ஆனால் எல்லாமே வதனியின் ஒரு போனுக்குள்ளால்தான் நடந்தது. அவள் முல்லைத்தீவு போனால் அடுத்த நாள் முதல் ஒரு புள்ளியும் நிறம் மாறாது. புதுத் திட்டத்துக்கு ஓம் என்று சொல்லப் போகிற சபைத் தலைவரான தவிசாளரையும் குறை சொல்ல முடியவில்லை. இவள் போனால் ஆர் பார்ப்பது என்று அவர் கேட்டிருக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். வெள்ளிக்கிழமைக்குள் திறப்பு கிடைத்து, வேறு ஆட்களைச் சேர்த்து, அவர்களால் முடியும் என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வதனியின் ஐந்து வருடம் போயிற்று.

“சுதாகருக்கு ரண்டு கிழமையாப் போன் எடுக்கிறன் அக்கா. காலமையும் பின்னேரமும். ஒரு மணி அடிக்கும், டக்கெண்டு நிக்கும்.”

“எனக்கும் அப்படித்தான்,” என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டினோம். அது மனதுக்கு நல்ல ஆறுதலாக இருந்தது.

அவன் வேலையை விட்டுவிட்டுப் புத்தூரில் தோட்டம் செய்கிறான் என்று மட்டும் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை 8.15க்கு வதனி அரைநாள் லீவு போட்டுவிட்டு வர, கொக்குவிலில் ஓர் ஓட்டோ பிடித்தோம். போக 1,600 ரூபாய், காத்திருக்க 500. சாரதியின் பெயர் ரஞ்சன். பருத்தித்துறை வீதியில் ஏறிய பிறகு சிவப்பு மண்ணும் வாழையும்தான். பஸ்ஸில் போகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை பஸ் ஏறிப் புத்தூர்ச் சந்தியில் இறங்கலாம், மிகவும் மலிவு, ஆனால் சந்தியிலிருந்து நடக்க வேண்டும்.

சந்தியில் ரஞ்சன் அண்ணை ஒரு கடைக்காரரிடம் வழி கேட்டார்.

“படம் கீறுற வேலை செய்த சுதாகரோ? நேராப் போய் மதவடியிலை திரும்புங்கோ.”

“எந்த மதவடி அண்ணை? வாசிகசாலை மதவடியோ, அங்காலை பள்ளிக்கூடத்து மதவடியோ?”

நான் பின்னுக்கு இருந்து தனியாகச் சிரித்தேன். ரஞ்சன் அண்ணை கண்ணாடிக்குள்ளால் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். செய்மதிப் படம், அளவைக் கருவி எல்லாம் வைத்து நாங்கள் எட்டு மாதம் தேடியதை, இவர்கள் ஒரு சொல்லில் வைத்திருக்கிறார்கள்.

சுதாகரை வெங்காயத் தோட்டத்தில் பிடித்தோம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு நின்றான். என்னைக் கண்டதும் ஓடி வருவான் என்றோ, ஒளிவான் என்றோ நினைத்திருந்தேன். அவன் அழுமாப்போல நின்றான்.

“அக்கா, நீங்களோ! பாருங்கோ நான் படுற பாட்டை. ரண்டு கிழமையா இந்த மோட்டருக்குப் பேய் பிடிச்சிருக்கு. நான் வீட்டை இருக்க அது தன்ரை பாட்டிலை ஓடுது. ஒரு பாத்தி வெங்காயம் முழுக்க அழுகிப் போச்சு. நேத்து மட்டும் கூடுதலா மூண்டு தரம். கோயிலுக்கு நூல் கட்டவும் போயிட்டு வந்திட்டன்.”

“உன்ரை போனுக்கு என்ன நடந்தது? எத்தனை தரம் எடுக்கிறது?” என்று நான் சீறினேன்.

“என்ரை போன் நல்லாத்தானே வேலை செய்யுது.” போனைக் காட்டினான். புது எண். “பழைய சிம்மோ? அதை மோட்டரிலை போட்டிட்டன். வீட்டிலை இருந்து போன் எடுத்தா மோட்டர் ஓடுற பெட்டி ஒண்டு வாங்கினனான். ஆர் எடுத்தாலும் ஓடும், மலிவுச் சாமான். ஆனா அந்த நம்பர் என்னைத் தவிர ஆருக்கு...”

அத்தோடு நிறுத்திவிட்டான். வதனியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“இப்ப ஒருக்கா எடுங்கோ பாப்பம்,” என்றான்.

வதனி அழைத்தாள். ஒரு மணி அடித்து நின்றது. கிணற்றடியில் மோட்டர் உறுமிக்கொண்டு எழும்ப, வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது.

“அப்ப ரண்டு கிழமையா நான்தான் உங்கடை வெங்காயத்துக்கு இறைச்சிருக்கிறன்,” என்றாள் வதனி, வாயைப் பொத்திக்கொண்டு. ஓட்டோவில் இருந்த ரஞ்சன் அண்ணை இறங்கி வந்து, என்ன நடந்தது என்று கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். சுதாகர் கடைசியாகச் சிரித்தான். ஆனால் எல்லாரையும் விட அதிக நேரம் சிரித்தான். பேய் இல்லை என்றதே அவனுக்குப் பெரிய நிம்மதி.

சிரித்து முடிந்த பிறகுதான் அடுத்த சிக்கல் விளங்கியது. கடவுச்சொல் அவனுக்கு மறந்துவிட்டது. புதுக் கடவுச்சொல் எடுக்க வேண்டுமென்றால் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று பழைய எண்ணுக்குத்தான் வரும். பழைய எண் மோட்டர் பெட்டிக்குள். ஓர் ஊரின் வீதிகள், வாய்க்கால்கள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள், எல்லாவற்றின் திறப்பும் புத்தூரில் ஒரு தண்ணிப் பம்பின் வயிற்றுக்குள் இருந்தது. சுதாகர் பெட்டியைக் கழற்றி சிம்மை எடுத்தான். என் போனின் சிம் தட்டைத் திறக்க ஊசி இல்லை. என் தோட்டைக் கழற்றிக் குத்தினேன். முதல் குறியீடு வந்து, நாங்கள் சேற்றுக் கையைத் துடைப்பதற்குள் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது வந்தது. வதனி ஒவ்வோர் இலக்கமாக உரத்து வாசிக்க, வரம்பில் குந்தியிருந்து நான் சுதாகரின் போனில் அமத்தினேன். 10.35க்குக் கணக்குத் திறந்தது.

உரிமையாளர் பெயரில் இனி எந்த ஆளும் இருக்கக் கூடாது என்று முதல் நாளே பேசி முடித்திருந்தோம். சபையின் பொது மின்னஞ்சலைப் போட்டோம், செயலாளரும் அதற்குச் சம்மதித்திருந்தார். சிம்மைத் திரும்பப் பெட்டியில் போட்டு, அழுகாமல் தப்பிய வெங்காயத்தில் இரண்டு கிலோவும் தந்து அனுப்பினான் சுதாகர். “இனி ஒருத்தரும் எடுக்காதேங்கோ,” என்று ஓட்டோவுக்குப் பின்னால் கத்தினான்.

அன்று பின்னேரம், பழக்குவதற்காக என் பெயரையும் கணக்கில் போட்டுக்கொண்டு, சபையில் இரண்டு பேரைப் படத்திலும் வட்ஸ்அப் குழுவிலும் சேர்த்தோம். ஒருவர் செல்வம் அண்ணை. மற்றவர் சபை நூலகத்தின் நூலகர் ஜெனிற்றா, குருநகரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். செல்வம் அண்ணை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

“தங்கச்சி, பிழையா அமத்தினா ஊர் அழிஞ்சு போகாதோ?”

“அழியாது அண்ணை. திருப்பி எடுக்கலாம். நீங்கள் அமத்துங்கோ.”

அவர் ஒரு மதகைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்தார். திருப்பி எடுத்தோம். ஜெனிற்றா அதுவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “ஆர் எடுத்தது, எப்ப எடுத்தது எண்டு எழுதாமல் எங்கடை நூலகத்திலை ஒரு புத்தகமும் வெளியாலை போகாது. உங்கடை படத்திலை ஆர் மாத்தினது எண்டு எங்கை எழுதுறது?” நாங்கள் இரண்டு ஜி.ஐ.எஸ். காரிகளுக்கும் தோன்றாத கேள்வி. எல்லாவற்றையும் ஒருத்தியே மாற்றிய படத்தில் அந்தக் கேள்விக்கு இதுவரை அவசியம் வரவில்லை. மாற்றியவர் பெயர், நேரம், ஒரு வரிக் குறிப்பு என்று மூன்று கட்டங்களைச் சேர்த்தோம். என் பதினொரு பக்கத்தை விட அந்த மூன்று கட்டங்கள் பெறுமதியானவை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வருட மாரியின் முதல் மழை. பத்து மணிக் கூட்டத்துக்கு நனைந்துகொண்டு போனேன். பார்வையாளர் வாங்கில் நான் ஒருத்திதான். வதனி திரையில் வரைபடத்தைத் திறந்து, கணினிக்கு முன்னால் நின்று விளக்கினாள். ஓர் உறுப்பினர் எழுந்து, புதுத் திட்டத்தில் ட்ரோன் விட்டுப் படம் எடுப்பார்கள், இதை விடத் துல்லியமாக இருக்கும் என்றார். உண்மைதான், இருக்கும். தவிசாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“படம் கூடாதெண்டு நான் சொல்லேல்லை பிள்ளை. நல்ல படம். நீங்கள் போனாப் பிறகு ஆர் இதைப் பார்க்கிறது? அதைச் சொல்லுங்கோ.”

வதனி இரண்டு பேரைச் சேர்த்திருப்பதைச் சொன்னாள். “ஒரு நாள் பழகினாப் போதுமோ?” என்றார் அவர். “பழகுவினம் ஐயா,” என்றாள் அவள். தவிசாளர் நம்பினவர் போலத் தெரியவில்லை. எனக்கு எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பார்வையாளர் பேச முடியாது.

10.40க்குத் திரையில் ஒரு நீலப் புள்ளி சிவப்பானது. பதினேழு.

“ஏன் பிள்ளை அதைச் சிவப்பாக்கினீங்கள்?” என்றார் தவிசாளர்.

“நான் தொடேல்லை ஐயா.”

உண்மையிலேயே தொடவில்லை. எல்லாரும் பார்க்கும்படி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் திரைக்குக் கிட்ட வந்தார்கள். அது தன்னுடைய வட்டாரம் என்றார் ஒருவர். ட்ரோன்காரர் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, “பதினேழாம் மதவடியிலை என்ன நடக்குது?” என்று கேட்டார். கூட்டம் கலைந்து எல்லாரும் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 10.58க்கு அது நீலமானது. வதனி அதை அமத்தினாள். சிவப்பாக்கியவர் ஜெனிற்றா. நீலத்துக்கும் நேற்றுச் சேர்த்த மூன்று கட்டங்களும் நிரம்பியிருந்தன. பெயர்: செல்வம். நேரம் இருந்தது. குறிப்பு: ‘தென்னம்மட்டை. எடுத்தாச்சு. இனி வந்து இருக்கலாம்.’

மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் நனைந்த முகம் என்பதால் சமாளித்தேன். பழைய படத்தையே சபை தொடர்ந்து வைத்திருக்கும், புதுத் திட்டம் எதைச் செய்தாலும் இதற்குள் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அடுக்கின் பெயரை ‘மதகுகள்’ என்று திருத்த வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்க, தவிசாளர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, “சனம் இருக்கட்டும், விடுங்கோ,” என்றார்.

வெளியே வந்து குடைக்குக் கீழே நின்றபோது வதனி சொன்னாள். “நான் இல்லாமலும் நடக்குது எண்டு பார்க்கச் சந்தோசமாத்தான் கிடக்கு அக்கா. ஒரு மாதிரியாவும் கிடக்கு.” எனக்கு விளங்கியது. இரண்டு பேரும் றோல்ஸ் சாப்பிடப் போனோம்.

இனி, என்னைப் போல எங்காவது வரைபடம் செய்து கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு. ஒரு தரம் திரும்பிப் போய்ப் பாருங்கள். புதன் முதல் சனி வரை எனக்குப் போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய்க்குள் முடிந்தது, நாங்கள் ஓர் அறிக்கை அச்சடிக்க அதை விடக் கூடச் செலவழிக்கிறோம். புரட்டாசியில் போவது நல்லது, வெயில் தணிந்திருக்கும், ஆனால் குடை கொண்டு போங்கள். கொக்குவிலில் தங்கினால் வீட்டுக்காரரிடம் சைக்கிள் கேளுங்கள், உடுவில் பக்கம் எல்லாம் சமதரை. கணக்கைத் திறக்கும்போது ஆளின் பெயரில் திறக்காதீர்கள், கதிரையின், அதாவது பதவியின் பெயரில் திறவுங்கள். இரண்டு பேருக்குக் குறையாமல் பழக்குங்கள், அதில் ஒருவராவது கால் நனைய வேலை செய்கிறவராக இருக்கட்டும். உள்ளூர்ச் சொல் ஒன்று உங்கள் படிவத்துக்குள் அடங்காவிட்டால், படிவத்தைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். போனை எடுக்காதவரைத் திட்டுமுன், மணி அடிக்கிற இடம் எது என்று விசாரியுங்கள்.

சனிக்கிழமை ரயிலில் வரும்போது வதனி எழுதியிருந்தாள்: “கோவிக்காதேங்கோ அக்கா, உங்களையும் சுதாகரையும் கணக்கிலை இருந்து எடுத்திட்டன்.” கோபம் வரவில்லை. ஐந்து வருடம் பிந்தி, என் வேலை அன்றுதான் முடிந்தது.

முதலாம் திகதி அவள் தன் பெயரையும் எடுத்துவிட்டு முல்லைத்தீவு போய்விட்டாள். இப்போது அந்த வரைபடத்தை யாரும் பார்க்கலாம், நானும் பார்க்கிற சனத்தில் ஓராள். போன ஞாயிறு குடாநாட்டில் நல்ல மழை என்று கேள்விப்பட்டு, கொழும்பிலிருந்து திறந்தேன். வதனியின் வீட்டு ஒழுங்கை முகப்பில், ஒன்பதாம் மதவடி சிவப்பாக இருந்தது. அமத்திப் பார்த்தேன். பெயர்: ஜெனிற்றா. குறிப்பு: ‘அடைப்பு. லீவிலை வீட்டை வந்து நிக்கிற வதனி எண்ட பிள்ளை படம் அனுப்பினது.’

இருபது நிமிடத்தில் புள்ளி நீலமானது. பெயர்: செல்வம். ‘எடுத்தாச்சு தங்கச்சி. வந்து இரும்.’